மாடலில் ஃபிக்ஸ்டு, சைட்டில் இரண்டு போல்ட்

கடலூர், மஞ்சக்குப்பம்:

கட்டமைப்பைக் கணக்கிடும் சாஃப்ட்வேரான ஸ்டாட் புரோவில் எல்லா மெம்பரும் (தூண், உத்தரம் போன்ற உறுப்புகள்) பாஸ் ஆன பிறகும் ஃபிரேம் தப்பாக இருக்க முடியும் என்று எனக்குக் காட்டியவர் ஒரு ஃபேப்ரிகேஷன் ஃபோர்மேன். புதிதாக டிசைன் ஆபீஸில் சேர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வேலை, சிப்காட்டில் ஒரு தொழிற்கூட ஷெட். அகலம் 20 மீட்டர், ஈவ்ஸ் (கூரை தூணோடு சேரும் ஓரம்) உயரம் 8 மீட்டர், ஆறு மீட்டருக்கு ஒரு போர்ட்டல் ஃபிரேம், அதாவது இரண்டு தூணும் மேலே கூரையைத் தாங்கும் சாய்வு உத்தரமான ரேஃப்டரும் சேர்ந்த சட்டம். எங்கள் ஆபீஸில் யாரும் முதலிலிருந்து மாடல் போடுவதில்லை, பழைய ஃபைலைத் திறந்து அளவை மாற்றுவோம். என் கைக்கு வந்தது கோயம்புத்தூர் வேலை ஒன்றின் ஃபைல். அதில் காற்றின் அடிப்படை வேகம் நொடிக்கு 39 மீட்டர். நம் கரைக்கு 50. அது மட்டும் இல்லை, காற்று லோடுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 பகுதி 3 இன் 2015 பதிப்பில் கிழக்குக் கடற்கரையில் 60 கிலோமீட்டர் பட்டைக்குள் வரும் தொழிற்கூடங்களுக்கு கே4 என்று 1.15 பெருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் இந்த இரண்டும் சேர்ந்தால் கோவைக் கணக்கைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது. இதை நான் விடவில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரை கடந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஓட்டுக்கூரையும் தகரமும் பறந்ததையும், பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்ததையும் பார்த்தவனுக்குக் காற்று லோடு வெறும் எண்ணாகத் தெரியாது.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. சப்போர்ட்டை, அதாவது தூணின் அடியை, ஃபிக்ஸ்டு (சுழலவே முடியாது) என்று கொடுத்திருந்தேன். ஈவ்ஸில் பக்கவாட்டு நகர்வு 16 மி.மீ. வந்தது, இரும்புக் கட்டுமானத் தரநிலை ஐ.எஸ். 800 இன்படி உயரம் வகுத்தல் 150, அதாவது 53 வரை போகலாம். நிம்மதியாக டிராயிங்கை அனுப்பிவிட்டேன். தூணை அஸ்திவாரத்தில் போல்ட் போட்டுப் பிடிக்கும் பேஸ் பிளேட்டின் டீட்டெயிலும் அதே பழைய வேலையிலிருந்து எடுத்ததுதான், அதை மட்டும் நின்று பார்க்கவில்லை.

சைட்டுக்குப் போன அன்று ஃபோர்மேன் ஒரு பேஸ் பிளேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாக்பீஸால் காலம் (தூண்) நிற்கும் இடத்தை ஐ வடிவத்தில் வரைந்திருந்தார். ஐ-யின் நடுத் தகடான வெப்புக்கு இந்தப் பக்கம் ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு ஓட்டை, இரண்டும் நட்ட நடுக் கோட்டில்.

"தம்பி, ரெண்டே போல்ட்டு, அதுவும் நடுவுல. காத்தடிச்சா இது எப்படி நிக்கும்?"

"ஃபிக்ஸ்டு பேஸ்தாண்ணே, கணக்குல பாஸ் ஆயிடுச்சு."

அவர் எதுவும் சொல்லவில்லை. ஒரு வெல்டிங் ராடை எடுத்து மண்ணில் லேசாக ஊன்றி நுனியை விரலால் தள்ளினார், சாய்ந்தது. அதையே ஆழமாகக் குத்தித் தள்ளினார், வளைந்ததே தவிர அடி அசையவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. போல்ட் நடுக் கோட்டில் இருந்தால் மொமென்ட்டை (சாய்த்துத் திருப்பும் விசையை) பிடிக்க நெம்பு தூரமே இல்லை. நான் கணக்கில் வைத்தது ஃபிக்ஸ்டு, வரைந்து கொடுத்தது பின்டு, கீல் போலச் சுழலக்கூடியது.

அடுக்கி வைத்திருந்த பர்லின் (ரேஃப்டரின் மேல் குறுக்கே வந்து கூரைத் தகட்டைத் தாங்கும் கம்பி) மேலேயே லேப்டாப்பை வைத்து சப்போர்ட்டைப் பின்டு என்று மாற்றி ஓட்டினேன். 74 மி.மீ. ஒரே ஒரு சொல்தான் மாறியது. கையால் போட்டுப் பார்த்தாலும் இது புரியும்: ரேஃப்டர் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், ஈவ்ஸில் தள்ளினால் பின்டு போர்ட்டல் ஃபிக்ஸ்டைவிடக் குறைந்தது நான்கு மடங்கு நகரும். நான்கு போல்ட்டாக்கி ஃபிளாஞ்சுக்கு (ஐ-யின் ஓரத் தகடு) வெளியே தள்ளலாமா என்று யோசித்தோம், அப்படியானால் மொமென்ட் முழுவதும் ஃபுட்டிங்குக்கு (அஸ்திவாரத்துக்கு) போகும், அந்த மணலில் ஃபுட்டிங் ரொம்பப் பெரிதாகிவிடும். கடைசியில் பின்டாகவே விட்டு, காலம் செக்‌ஷனைக் கூட்டி ஈவ்ஸில் ஹான்ச் (மூலையை ஆழமாக்கிக் கெட்டியாக்கும் துண்டு) போட்டோம். செலவு கூடியதற்கு ஓனரிடம் நான்தான் போய்ப் பேசினேன்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஃபைல் முழுவதையும் வரி வரியாகப் படித்தபோது இன்னொன்று கிடைத்தது. ரேஃப்டரின் மேல் ஃபிளாஞ்சுக்கும் கீழ் ஃபிளாஞ்சுக்கும் பிடிமானமில்லாத நீளம் 1.5 மீட்டர் என்று கொடுத்திருந்தேன், பர்லின் இடைவெளி அது. ஆனால் பர்லின் பிடிப்பது மேல் ஃபிளாஞ்சை மட்டும்தானே? காற்று கூரையை மேலே இழுக்கும்போது நடு ஸ்பானில் அமுக்கத்துக்கு வருவது கீழ் ஃபிளாஞ்ச். அங்கே ஃப்ளை பிரேஸ் (கீழ் ஃபிளாஞ்சைப் பர்லினோடு கட்டும் சாய்வுக் கம்பி) எதுவும் என் டிராயிங்கில் இல்லை, அப்புறம்தான் சேர்த்தேன். 1978 ஜனவரி 18 அதிகாலை அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்து உள்ளரங்கக் கூரை பனி பாரத்தில் விழுந்ததே, கம்ப்யூட்டரில் டிசைன் செய்த ஸ்பேஸ் ஃபிரேம் (முப்பரிமாணக் கம்பிச் சட்டம்), அதிலும் இதே ஜாதித் தப்பு உண்டு. மேல் கார்டு (சட்டத்தின் மேல் வரிசை) மெம்பர்களுக்கு நடுவில் பிரேசிங் (பக்கவாட்டுப் பிடிமானம்) இருப்பதாகக் கணக்கு எடுத்துக்கொண்டது, நிஜ இணைப்பு அப்படிப் பிடித்து நிறுத்தவில்லை. முந்தின ராத்திரி அங்கே ஆயிரக்கணக்கானோர் கூடைப்பந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

புதுச்சேரி, லாஸ்பேட்டை:

அண்ணா, நான் செய்வது வீடுகள்தான், தரைத்தளம் மேல் இரண்டு மாடி, அவ்வளவுதான். என்னைக் காப்பாற்றியது ரியாக்‌ஷன் கூட்டல், அதாவது சப்போர்ட்டுகள் திருப்பித் தாங்கும் விசைகளைக் கூட்டி மொத்த எடையோடு ஒப்பிடுவது. ஒரு வீட்டுக்குக் கையால் மொத்த எடை போட்டபோது சுமார் 4,200 கிலோநியூட்டன் வந்தது, ஸ்டாட்டில் எல்லா சப்போர்ட்டையும் கூட்டினால் 3,200. ஆயிரம் எங்கே போனது என்று மதியம் சாப்பிடாமல் தேடினேன். 230 மி.மீ. செங்கல் சுவர், 2.7 மீட்டர் உயரம் என்றால் மீட்டருக்கு 12.4 கிலோநியூட்டன். அந்த மாடியில் சுவர் நீளம் 80 மீட்டர். பெருக்கினால் 992! முதல் மாடிச் சுவர் முழுக்க விட்டுப்போயிருந்தது. சாஃப்ட்வேர் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை, சுவர் இருக்கிறது என்று அதற்கு யார் சொன்னார்கள்? அதிலிருந்து சாஃப்ட்வேர் தரும் ஸ்டாட்டிக்ஸ் செக்கை (மொத்த லோடு, மொத்த ரியாக்‌ஷன் பட்டியல்) அச்செடுத்துக் கைக்கணக்குப் பக்கத்தில் வைத்து டிக் போடாமல் கம்பி டிசைனுக்குள் போவதில்லை.

கடலூர், மஞ்சக்குப்பம்:

நல்ல பழக்கம்மா. செங்குத்து எடைக்கு நானும் செய்கிறேன், காற்றுக்கும் செய்து பாருங்கள், சுவர்ப் பரப்பை அழுத்தத்தால் பெருக்கினால் போதும், அடியில் வரும் கிடை ரியாக்‌ஷனோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் யூனிட்டோ திசையோ மாறியிருக்கும்.

எனக்கு ஒரு சந்தேகம். நம் கடற்கரை மணலில் பேஸ் முழு ஃபிக்ஸ்டும் இல்லை, முழுப் பின்டும் இல்லை. யாராவது மண் பரிசோதனை ரிப்போர்ட்டை வைத்து சுழற்சி ஸ்பிரிங் (அடி கொஞ்சம் சுழல விடும் சப்போர்ட்) கொடுத்து ஓட்டியிருக்கிறீர்களா? மதிப்பை எப்படி எடுத்தீர்கள் என்று கொஞ்சம் எழுதுங்கள், அடுத்த ஷெட் சேதராப்பட்டில், ஃபுட்டிங் டிராயிங் இன்னும் கொடுக்கவில்லை.