தாத்தா வீடு குரூப்: ஞாயிறு காலை ப்ளூ லகூன்

பெரிய மாமா: எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 6 மணிக்கு டர்பன் ப்ளூ லகூனில், ஆறு கடலில் சேரும் இடத்தில், அப்பாவின் சாம்பலைக் கரைக்கிறோம். வேன் சாட்ஸ்வர்த் வீட்டிலிருந்து 5 மணிக்குக் கிளம்பும். யார் யார் வருகிறீர்கள்?

டோங்காட் சித்தி: நாங்கள் 4 பேர். நேராக அங்கேயே வந்துவிடுகிறோம்

டோங்காட் சித்தி: தேங்காய் யார் வாங்குவது?

சின்ன மாமா: அண்ணே, ஒரு நிமிடம். இப்போது தனியார் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு நிலாவுக்குப் போகின்றன. அஸ்தியையும் ஏற்றிக்கொள்கிறார்கள். ஒரு கிராம் போதும். அப்பாவுக்கு நிலா என்றால் எவ்வளவு பிரியம்!

பெரிய மாமா: ?

டோங்காட் சித்தி: ஜோகன்னஸ்பர்க் பக்கம், லெனேஷியாவில் இன்று வெயில் அதிகமோ

சின்ன மாமா: சிரிக்காதே. 2023 ஆகஸ்ட் 23, சந்திரயான் இறங்கிய அன்று அப்பா டிவியை விட்டு நகரவில்லை. மோடிகூட ஜோகன்னஸ்பர்க்கில், பிரிக்ஸ் மாநாட்டுக்கு வந்த இடத்தில்தான் பார்த்தார். திட்டத்தை நடத்திய வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று அப்பா எனக்கு போன் போட்டுச் சொன்னார்.

அம்மா: அவர் போட்டார், சரி. நீ எத்தனை தடவை போட்டாய்?

சின்ன மாமா: அக்கா, இப்போது அது வேண்டாம்

தம்பி: மாமா, சந்திரயான் அரசாங்கம் அனுப்பியது. தனியார் கதை வேறு. 2007இல் கூகுள் பணத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். முதலில் இறங்கி வண்டி ஓட்டுபவருக்கு 2 கோடி டாலர். 2018 வரை காத்திருந்து, யாரும் ஜெயிக்காமல் மூடிவிட்டார்கள். 2019இல் இஸ்ரேலின் தனியார் கலம் பெரெஷீட் நிலாவில் மோதி உடைந்தது. 2023 ஏப்ரலில் ஜப்பானின் ஐஸ்பேஸ் கம்பெனிக் கலம் தரையைத் தொட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டது. நிஜத்தில் 5 கிலோமீட்டர் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது! எரிபொருள் தீர்ந்து விழுந்தது. அங்கே காற்று கிடையாது, பாராசூட் பிடிக்காது. எஞ்சினை எரித்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். நாசா இப்போது இந்த மாதிரி கம்பெனிகளிடம் கூரியர் மாதிரி கருவிகளைக் கொடுத்து அனுப்புகிறது. அப்புறம்

டோங்காட் சித்தி: பரீட்சை எப்போது தம்பி

பெரிய மாமா: அஸ்தி விஷயத்துக்கு வா

தம்பி: வருகிறேன். 2024 ஜனவரியில் போன அமெரிக்கத் தனியார் கலம் பெரெக்ரினில் நிஜமாகவே பலருடைய சாம்பல் இருந்தது. நிலா எங்களுக்குப் புனிதம், அங்கே சாம்பல் கூடாது என்று அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்கள் எதிர்த்தார்கள். கிளம்பிய சில மணி நேரத்தில் எரிபொருள் கசிவு. பத்து நாள் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, தென் பசிபிக் கடலுக்கு மேலே எரிந்துபோனது.

பெரிய மாமா: கடைசியில் கடல்தானே? அதற்கு ப்ளூ லகூன் போதும்.

சின்ன மாமா: இன்னொரு அமெரிக்கத் தனியார் கலம், ப்ளூ கோஸ்ட், நிலாவில் ஒழுங்காக இறங்கியதே, அதையும் சொல்லேன்

தம்பி: ஆமாம், 2025 மார்ச் 2. நாலு காலும் தரையில். நாலே நாளில் வேறொரு கம்பெனியின் அதீனா ஒரு பள்ளத்துக்குள் சாய்ந்தது, அடுத்த நாளே கதை முடிந்தது. ஜூனில் ஜப்பான்காரர்கள் இரண்டாவது தடவையும் மோதினார்கள்

அம்மா: எவ்வளவு கேட்கிறார்கள்?

சின்ன மாமா: பன்னிரண்டாயிரம் டாலருக்கு மேல். பிரித்துக்கொள்ளலாம்

அம்மா: பந்தல் பணத்தில் உன் பங்கே இன்னும் வரவில்லை

நான்: சாம்பல் பானை எங்கே இருக்கிறது?

அம்மா: கராஜில். மேல் தட்டு, வெள்ளைத் துணி சுற்றி. பெயின்ட் டப்பா பக்கத்தில்

டோங்காட் சித்தி: பெயின்ட் டப்பா பக்கத்திலா!!

அம்மா: வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றது நீதானே

ஆயா (பாட்டி): குரல் பதிவு, 0:48

பெரிய மாமா: கோவிலில் இருக்கிறேன், கேட்க முடியாது. பதிவில் எங்கள் அம்மா என்ன சொல்கிறார்?

நான்: ஆயா சொல்வது: "கூரை ஒழுகினால் அவர் ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏறமாட்டார். கீழே நின்றுகொண்டு எனக்கு வழி சொல்வார். அவரையா நிலாவுக்கு?" அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை, சிரிப்பா அழுகையா தெரியவில்லை. கடைசியில், "சின்னவனுக்கு ஆசையென்றால் ஒரு சிட்டிகை எடுத்து வை."

சின்ன மாமா: பார்த்தீர்களா

பெரிய மாமா: பூசாரியைக் கேட்டுச் சொல்கிறேன். நீ எத்தனை மணிக்கு வருகிறாய்?

சின்ன மாமா: சனி ராத்திரி ஃப்ளைட் கிடைத்தால்

அம்மா: கிடைத்தால்?

பெரிய மாமா: வேனில் உனக்கு இடம் பிடித்து வைக்கிறேன். 5 மணி. 5.10 இல்லை.

டோங்காட் சித்தி: தேங்காய்??