தாங்கியை வென்ற ஈட்டி வீரன்: சிவிலைசேஷன் 3 ஆடிய திருகோணமலைக்காரரின் அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து:

சிவிலைசேஷன் 3 என்பது பழங்காலத்திலிருந்து இக்காலம்வரை ஓர் அரசை முறை முறையாக ஆடி வளர்க்கும் கணினி விளையாட்டு. அதில் பழங்கால ஈட்டி வீரன் இக்கால யுத்தத் தாங்கியை வீழ்த்துவது பற்றி எல்லோரும் அறிந்திருப்பீர்கள் என்பதால், எனக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில், அண்ணா கொழும்பிலிருந்து கொண்டுவந்த பழைய கணினியில் மூன்று வாரமாக ஒரே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தேன். அஸ்டெக் அரசுக்கு மிஞ்சியிருந்தது ஒரேயொரு நகரம். அதுவும் குன்றின்மேல் இருந்த ஒரு சிற்றூர். பிற்காலத்து வீரர்களை உருவாக்கத் தேவையான இரும்பும் வெடியுப்பும் கிடைக்காதபடி அவர்களுடைய வீதிகளை நான் முன்னரே அழித்திருந்தபடியால், உள்ளே நின்றவன் வெண்கலக் காலத்து ஈட்டி வீரன் ஒருவன் மட்டுமே. இரவு எட்டு மணிக்கு மின்வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். அப்போது மணி ஏழு ஐம்பது. தாங்கியை நகர்த்தினேன். அவன் கேடயத்தை உயர்த்துவதும் குத்துவதுமாக நின்றான். என் தாங்கி வெடித்துக் காணாமற்போயிற்று. சேமித்த இடத்திலிருந்து மூன்று தடவை மீண்டும் ஆடிப் பார்த்தேன். மூன்று தடவையும் அதே அடி, அதே வரிசை, அதே வெடிப்பு. நான்காவது தடவைக்கு முன் மின்சாரம் நின்றுவிட்டது. கணினி கள்ள ஆட்டம் ஆடுகிறது என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கிண்ணியாவிலிருந்து:

தம்பி, கணினி கள்ளம் செய்யவில்லை. ஆட்டத்தைத் தொடங்கும்போது வரும் தெரிவுகளுள் ஒன்று, தற்செயல் எண்களின் வரிசையையும் சேமிப்போடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்வது. அது தெரிவாகியிருந்தால், எத்தனை தடவை மீளத் திறந்தாலும் அதே சண்டையை அதே ஒழுங்கில் தொடங்கும்வரை பகடை அதே மாதிரித்தான் விழும். முதலில் வேறோர் இடத்தில் ஒரு சிறு சண்டையை நடத்திவிட்டு வந்திருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். தாங்கியின் தாக்கும் வலு 16, ஈட்டி வீரனின் தற்காப்பு 2. அரண் செய்து நிற்பதற்கு 25 வீதமும் குன்றுக்கு 50 வீதமும் கூடுவதால், அந்த 2 என்பது 3.5 ஆகிறது. ஒவ்வோர் அடியிலும் அவன் வெல்லும் வாய்ப்பு, இரண்டு வலுக்களையும் கூட்டிய 19.5 இற்கு 3.5, அதாவது ஏறக்குறைய 18 வீதம். ஓர் அடியில் தோற்பவர் ஓர் உயிர்ப்புள்ளியை இழப்பார், புள்ளிகள் தீர்ந்தால் அழிவார். நான்கு உயிர்ப்புள்ளிகளோடு போகும் தாங்கி, மூன்று புள்ளிகளுடைய ஈட்டி வீரனிடம் அழிவது நூறு சண்டைகளில் ஒன்றுகூட இராது. ஏனெனில் தாங்கி போன்ற வேகமான படை கடைசிப் புள்ளிக்கு வந்ததும் பின்வாங்கவும் கூடும். ஆனால் ஒரே புள்ளியோடு போன தாங்கிக்குப் பின்வாங்கும் வழியும் இல்லை. அது தோற்கும் வாய்ப்பு 45 வீதம். காயப்பட்ட படையின் தாக்கும் வலு இவ்விளையாட்டில் குறைவதில்லை, புள்ளிதான் குறைகிறது. அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் தாங்கிக்கு எத்தனை புள்ளிகள் இருந்தன என்பதை நீங்கள் எழுதவேயில்லை.

எனக்கு நடந்தது இதைவிட மோசம். பிடித்த நகரம் ஒன்றில் எட்டுப் படைகளைக் காயம் ஆறவிட்டிருந்தேன். மறுமுறை தொடங்கியவுடன், அந்த மக்கள் பழைய அரசின் பண்பாட்டின்மேல் விருப்புக்கொண்டு அதனோடே சேர்ந்துவிட்டார்கள் என்று சிறிய பெட்டியொன்று திறந்து அறிவித்தது. எட்டுப் படைகளும் போயின. ஒரு சண்டைகூட நடக்கவில்லை.

நிலாவெளியிலிருந்து:

கிண்ணியா நானாவின் கணக்கை நான் மறுக்கவில்லை; ஆனால் எட்டையும் நகருக்குள்ளே அடைத்து வைத்தது அவருடைய பிழை. இன்று பிரெட்ரிக் கோட்டை என்று நாம் சொல்லும் கோட்டையை 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், அவ்வாண்டு ஆகஸ்டிலேயே பிரெஞ்சுக்காரர் அதைப் பறித்துக்கொண்டார்கள். பிடித்த இடம் கையிலேயே நிற்கும் என்று நம்பியிருக்க நம்மூரில் பிறந்தவருக்கு நியாயமில்லை.

என்னுடையது சிறிய கதை. 2022 மார்ச் இறுதியில், ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட காலத்தில், மிகப் பெரிய உலகப்படம் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தேன். எதிரிகளின் முறை ஓடி முடிவதற்குள் தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். குவளையோடு நான் திரும்பி வந்தபோது, என் துறைமுகத்துக்கு வெளியே எதிரிக் கப்பல்கள் வரிசையாக வந்து நிற்பது தெரிந்தது; எண்ணுவதற்குள் திரை கறுத்துவிட்டது. எத்தனை கப்பல்கள் என்பது இன்றுவரை தெரியாது.

ஒருவரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன். ஒவ்வொரு முறையும் விளையாட்டு தானாகவே ஒரு பிரதியைச் சேமிப்புக் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஆட்டோ’ என்ற உட்கோப்புறையில் வைக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் அங்கே தேடுங்கள். குன்றின்மேல் இருக்கும் நகரத்துக்குத் தாங்கியை அனுப்பும் முன்னர் பீரங்கிகளைக் கொண்டு உள்ளே நிற்பவனின் புள்ளிகளைக் குறையுங்கள். ஆற்றைக் கடந்து தாக்காதீர்கள். அதுவும் எதிரிக்கு 25 வீதம் கூட்டிக் கொடுக்கும். காயப்பட்ட படையைப் படைமுகாம் உள்ள நகருக்குத் திருப்பினால் ஒரே முறையில் முழுவதும் ஆறிவிடும். பிடித்த நகருக்குள் ஒரு படையை மட்டும் விட்டு, மற்றவற்றைப் பக்கத்துக் கட்டத்தில் நிறுத்துங்கள். நகரம் மாறினாலும் ஒன்றுதான் போகும், மற்றவை மறுபடி பிடித்துக்கொள்ளும். இன்னொன்று: தாங்கி செய்ய எண்ணெயும் இறப்பரும் இரண்டும் வேண்டும் என்பதால், அவை உள்ள நிலத்துக்கு முதலில் வீதி போடுங்கள். சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த நான், எண்ணெய் தேடி அந்த உலகப்படத்தில் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல.

உவர்மலையிலிருந்து:

நிலாவெளி அண்ணாவின் அறிவுரைக்கு நன்றி. என்னிடம் அப்போது பீரங்கி எதுவும் இருக்கவில்லை. கிண்ணியா நானா கேட்டதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தாங்கி முந்திய முறையில்தான் பக்கத்து நகரத்தைப் பிடித்திருந்தது. அதன் பக்கத்திலிருந்த கோடு சிவப்பாக, ஒரேயொரு துண்டாக இருந்தது. பின்னால் நின்ற அண்ணா, “ஒரு முறை ஆறவிட்டு அனுப்பு” என்று சொன்னதும் நன்றாக நினைவிருக்கிறது. எட்டு மணிக்கு மின்சாரம் போய்விடுமே என்று அனுப்பிவிட்டேன். அன்றைக்கு அது போனதோ எட்டேகாலுக்கு.