ட்ராக் டேக்கு (ரேஸ் ட்ராக்ல சொந்த கார ஓட்டி பழகுற நாள்) கட்டுப்படியான கார் எது? ஹட்டன்ல இருந்து கேக்குறேன், தெரிஞ்சவங்க உதவி பண்ணுங்க

ஹட்டன்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போனா மகாகஸ்தோட்ட ஹில் க்ளைம் (மலை ஏத்தத்துல ஓடுற ரேஸ்) பாக்காம வீட்டுக்கு வரமாட்டேன். 1934ல இருந்து நம்ம மலையில நடக்குற ரேஸ், ஆனா நம்ம தோட்டத்து பொடியங்க ஓரத்துல நின்னு பாக்குறதோட சரி. எனக்கு ஓடணும்னு ஆச. உடனே ரேஸ் இல்ல, முதல்ல கீழ களுத்துறை பக்கம் கட்டுக்குருந்த மாதிரி ட்ராக்ல ஒழுங்கா ஓட்டி பழகணும். கையில மொத்தமா 25 லட்சம் இருக்கு, கார், டயர், பிரேக், ஹெல்மட் எல்லாத்துக்கும் சேத்து தான். அதே கார்ல தான் வேலைக்கும் போகணும். நிசான் மார்ச் கே11, ஸ்டார்லட், சிவிக் ஈகே மூணும் மனசுல இருக்கு, தெரிஞ்சவர் ஒருத்தர் ஓட்டோ கியர் விட்ஸ் கார் ஒன்னும் தர்றேங்குறார். கூட்டாளி சொல்றான் ஆயிரம் சிசி எல்லாம் மலை ஏறவே ஏறாது, கொஞ்சம் லீசிங் போட்டாவது சிவிக் எடுன்னு. எது சரி?

பண்டாரவளை_கராஜ்:
தம்பி, சிவிக் நல்ல கார், அதுல சந்தேகமே இல்ல. ஆனா 2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டுனதுல இருந்து பழைய கார் எல்லாத்துக்கும் வில ஏறிடுச்சு, 2025ல திறந்து விட்டாலும் வரி கூட, அதனால பழசு பெருசா இறங்கல. உங்க காசுக்கு வர்ற சிவிக் வேல உள்ளதா தான் இருக்கும், அத வாங்கிட்டா டயருக்கும் பிரேக்குக்கும் ஒன்னும் மிஞ்சாது. பழகுறவங்களுக்கு பவர விட முக்கியம், கார் லேசா இருக்கணும், மெனுவல் கியரா இருக்கணும், உடைஞ்சா பார்ட்ஸ் கொழும்பு பாஞ்சிகாவத்தை கடைகள்ல கைக்கு எட்டுன விலைக்கு கிடைக்கணும்.

நான் மார்ச் கே11ன்னு தான் சொல்வேன். 1.0 எஞ்சின், 16 வால்வ், டைமிங் செயின் (பெல்ட் மாத்துற செலவு இல்ல), எட கிட்டத்தட்ட 800 கிலோ தான். எட கம்மின்னா டயர், பிரேக் பேட், டிஸ்க் எல்லாமே மெதுவா தான் தேயும், அங்க தான் காசு மிஞ்சுது. 13 இன்ச் டயருக்கு பெரிய செலவும் இல்ல. கே11லயே சிவிடி கியர்ல (பெல்ட்ல ஓடுற ஒரு வகை ஓட்டோ கியர்) வந்ததும் இருக்கு, பாத்து எடுங்க. விட்ஸ் ஓட்டோவ மறந்துருங்க, அது சிவிடியா இருந்தா ட்ராக்ல தொடர்ந்து விரட்டுறப்போ கியர் ஒயில் சூடாகும், அது போனா செய்ற செலவுக்கு இன்னொரு பழைய எஞ்சினே வாங்கலாம்.

தலவாக்கலை_ரெவ்:
அண்ணே சொல்றது சரி, ஆனா ஸ்டார்லட்ட விட்டுட்டீங்களே. அதோட ஈபி82 மாடல்ல 1.3 எஞ்சின், மார்ச்ச விட இழுவை நல்லாவே கூட, அதுவும் ரொம்ப எட இல்ல. நம்ம ரதெல்ல ஹில் க்ளைம் மாதிரி ஏத்தத்துல அந்த இழுவை வேணும். டைமிங் பெல்ட் எப்ப மாத்துனதுன்னு தெரியாட்டி வாங்குன உடனே மாத்திடணும், அவ்வளவு தான்.

பண்டாரவளை_கராஜ்:
நல்லது கிடைச்சா ஸ்டார்லட் எடுங்க, நான் வேணாங்கல. இப்ப கண்ணுல படுறதுல பாதிக்கு மேல ப்ளோர்லயும் சில்லுக்கு மேலயும் துருவ ஃபைபர் போட்டு மறைச்சது. ஹோய்ஸ்ட்ல தூக்கி பாக்காம காசு குடுக்காதீங்க.

நானுஓயா_அக்கா:
தம்பி, லீசிங் மட்டும் போட்றாதீங்க. லீசிங் முடியிற வரைக்கும் கார் கம்பனி பேர்ல தான், ட்ராக்ல அடிபட்டு ஒன்னுத்துக்கும் உதவாம போனாலும் மாசா மாசம் கட்டியே ஆகணும். ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு நினைப்பீங்க, பொதுவா பாலிசியில ரேஸ், வேக சோதனைக்கெல்லாம் கவர் இல்லன்னு எழுதியிருக்கும், எடுத்து வாசிச்சு பாருங்க. சம்பளத்துல வீட்ட பாத்துக்குற பிள்ளைக்கு அது தாங்காது. முழுசா கேஷ் குடுத்து, போனாலும் குடும்பம் ஆடாத விலையில ஒரு கார எடுங்க. எங்க வீட்டுக்காரர் ஓடுறவர், அதனால தான் இவ்வளவு சொல்றேன்.

ஹட்டன்_தம்பி:
ரொம்ப நன்றி அக்கா, லீசிங் யோசனைய விட்டாச்சு. அண்ணே, 1.0 எஞ்சின் மலையில திணறாதா? அது மட்டும் தான் மனசுல ஓடுது.

பண்டாரவளை_கராஜ்:
திணறும், இல்லன்னு சொல்லல. நுவரெலியா 1868 மீட்டர் உசரம், அங்க காத்தழுத்தம் கடலோரத்துல இருக்குறதுல கிட்டத்தட்ட 80 வீதம் தான், டர்போ இல்லாத எந்த எஞ்சினும் பவர்ல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்க அங்க இழக்கும், சிவிக்கும் அப்படித்தான். அதே மார்ச் கட்டுக்குருந்த இறங்குனா வேற கார் மாதிரி ஓடும். அதனால நுவரெலியாவுல ஓடி பாத்துட்டு இழுவை இல்லன்னு நல்ல கார தள்ளிறாதீங்க, கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் உள்ள வர்ற அழுத்தத்த அளக்குறது) போட்டு நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க, அது தான் உண்மைய சொல்லும்.

இதுக்கு மறுபக்கமும் ஒன்னு இருக்கு, நம்ம ஆளுங்க அத கவனிக்கிறதே இல்ல. இங்க குளிர், ரேடியேட்டர் பாதி அடைச்சிருந்தாலும் ஹீட் ஏறாது, வருசக்கணக்கா ஓடும். அதே கார கீழ வெயில்ல தொடர்ந்து விரட்டுனா கொஞ்ச நேரத்துல ஹீட் முள்ளு மேல போயிரும், எஞ்சின் ஹெட் கேஸ்கட்டும் போயிரும். ரேடியேட்டர் மூடியும் பாக்கணும், மூடி அழுத்தம் பிடிக்கலன்னா நுவரெலியா உசரத்துல தண்ணி 94 டிகிரியிலயே கொதிக்கும். மலைநாட்டு கார் எடுத்தா ரேடியேட்டர், மூடி, தேர்மோஸ்டட், ஃபேன் எல்லாம் பாத்து மாத்திட்டு தான் கீழ கொண்டு போகணும். கிளட்சும் அப்படித்தான், ஏத்தத்துல அர கிளட்ச்லயே நிப்பாட்டி நிப்பாட்டி எடுத்த கார்ல பிளேட் தேஞ்சிருக்கும்.

ஹட்டன்_தம்பி:
அப்டேட்: வெலிமடையில ஒரு கே11 மெனுவல் பாத்துட்டேன். பொடி சுத்தம், துரு இல்ல, கம்ப்ரஷன் நாலும் சமமா வந்துச்சு. காசு குடுக்குறதுக்கு முன்ன ஓடி பாக்க தந்தாங்க, நுவரெலியாவுல இருந்து ரம்பொடைக்கு இறங்குனேன். பாதி வழியில பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆகி கீழ வரைக்கும் போயிருச்சு, ரெண்டாவது கியர்ல போட்டு ஓரம் கட்டி நிப்பாட்டுனேன். கொஞ்ச நேரம் கழிச்சு பாத்தா பெடல் பழைய மாதிரி நல்லா இருக்கு. மாஸ்டர் சிலிண்டர் (பெடல மிதிச்சா பிரேக் ஒயில தள்ளுற பம்ப்) போயிருச்சா? இந்த கார வேணாம்னு விட்றலாமா?

பதுளை_பிரேக்ஸ்:
பயப்படாதீங்க, விடவும் வேணாம். ஆறுனதும் பெடல் திரும்பி வந்திருச்சுன்னா பெரும்பாலும் பிரேக் ஒயில் கொதிச்சிருக்கு. பிரேக் ஒயில் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், நம்ம பக்கம் மூடுபனியும் மழையும், கேக்கவே வேணாம். டொட் 3 தர பிரேக் ஒயில் புதுசுல கொறஞ்சது 205 டிகிரி தாங்கணும், ஈரம் ஏறிட்டா அந்த அளவு 140க்கு இறங்கிடும். டொட் 4க்கு 230, ஈரம் ஏறுனா 155. கொதிச்சா ஆவி வரும், ஆவிய அமுக்குனா சுருங்கும், அதனால தான் பெடல் கீழ போகுது. பேட் மட்டும் சூடாகி பிடிக்காம போறது வேற கேஸ், அதுல பெடல் கெட்டியா தான் இருக்கும், கார் தான் நிக்காது.

செய்ய வேண்டியது: பழைய ஒயில முழுசா வெளிய எடுத்துட்டு புது டொட் 4 போட்டு நாலு சில்லும் ப்ளீட் பண்ணுங்க (உள்ள இருக்குற காத்த வெளியேத்துங்க), டொட் 5.1ம் போடலாம். ஆனா டொட் 5ன்னு தனியா வர்றது சிலிக்கோன், அத இதோட கலக்கவே கூடாது. முன் கலிப்பர் (பேட்ட டிஸ்க்ல அழுத்துற பாகம்) நகர்ற ஸ்லைட் பின் ரெண்டும் இறுகியிருக்கான்னு பாருங்க, இறுகி இருந்தா பேட் டிஸ்க்ல உரசிகிட்டே சூடு ஏத்தும். பின்னுக்கு ட்ரம், லைனர் தடிப்பும் சிலிண்டர் ஒழுகலும் பாருங்க. பிறகு எஞ்சின ஸ்டார்ட்ல வச்சு பெடல மிதிச்சு பிடிச்சுகிட்டு இருங்க, மெதுவா இறங்கிகிட்டே போனா அப்ப தான் மாஸ்டர் சிலிண்டர்.

ட்ராக்லயும் இதே கத தான், இன்னும் மோசமா வரும். வேகம் ரெண்டு மடங்கானா பிரேக்குக்கு வர்ற சூடு நாலு மடங்கு. அதனால மிச்ச காச எஞ்சினுக்கு போடாதீங்க, ஒயில், நல்ல பேட், பிரேக் ஹோஸ், டயர் இதுக்கு போடுங்க. டயர் ஓரத்துல கடைசி நாலு இலக்கம் கிழமையும் வருசமும், 2319னு இருந்தா 2019ல 23ம் கிழமை செஞ்சது, பூ நிறைய இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், எடுக்காதீங்க.

தலவாக்கலை_ரெவ்:
தம்பி, கார் கைக்கு வந்ததும் ரம்பொட வளைவுல விரட்டி பழகலாம்னு மட்டும் நினைக்காதீங்க. அது பஸ்சும் ஸ்கூல் பிள்ளைங்களும் போற ரோடு. 2024 ஏப்ரல்ல தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில்ல கார் ட்ராக்க விட்டு பாஞ்சு 7 பேர் செத்தாங்க, அது ரேசுக்குன்னே ஒதுக்குன இடம். கார் ரெடியாகுற வரைக்கும் பண்டாரகம கார்ட்டிங் ட்ராக்ல ஓடுங்க, வளைவுல எங்க பிரேக் பிடிக்கணும், எங்க திருப்பணும்னு அங்கயே கை பழகிடும்.

ஹட்டன்_தம்பி:
விளங்குது அண்ணே, ரோட்ல ஓட மாட்டேன். கார்க்காரர்கிட்ட பிரேக் விஷயத்த சொல்லி வில குறைச்சு பேசிட்டேன், ஒத்துகிட்டார். ஒயில் மாத்தி, கலிப்பர் கழட்டி பாத்ததும் வலது பக்க ஸ்லைட் பின் இறுகி தான் இருந்துச்சு, கிரீஸ் போட்டாச்சு, மாஸ்டர் சிலிண்டர் நல்லா இருக்கு. அதே இறக்கத்துல கியர்ல போட்டு மெதுவா இறங்கி பாத்தேன், பெடல் மாறவே இல்ல. கட்டுக்குருந்த போறதுக்கு முன்ன வேற என்ன பாக்கணும்?

பண்டாரவளை_கராஜ்:
எஞ்சின் ஒயில் டிப்ஸ்டிக் மேல் கோட்டுல இருக்கணும், குறைவா இருந்தா நீள வளைவுல ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காத்த இழுக்கும், பெயாரிங் போயிரும். ஸ்பெயார் வீல், ஜாக், மேட் எல்லாத்தையும் கழட்டி வெளிய வைங்க. டயர் காத்த காலையில குளிரா இருக்கப்போ பாருங்க, ஓடி வந்ததும் திரும்ப பாருங்க, ஏறியிருக்கும், ரெண்டையும் எழுதி வச்சுக்குங்க. வீல் நட்ட ஒவ்வொரு ஓட்டத்துக்கு பிறகும் இறுக்கி பாருங்க. ஓடி வந்த உடனே ஹேண்ட் பிரேக் போடாதீங்க, சூட்டுல ட்ரம் பிடிச்சுக்கும், கியர்ல விட்டு சில்லுக்கு கல்லு வைங்க. கீழ இறங்குறதுக்கு முன்ன கார ஒரு தடவ பண்டாரவளைக்கு கொண்டு வாங்க, ரேடியேட்டர கழட்டி பாத்துருவோம், கூலி வேணாம்.