பொங்கல் ஃபோல்டர் இரண்டாகத் தெரிகிறது, பழைய ஹார்ட்டிஸ்க் டிக் டிக் என்கிறது: 1.6 டெராபைட் படங்களை எப்படிக் காப்பாற்றுவது?

ஈசூன்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தில் ஒரு சின்னத் தமிழ் அமைப்பு இருக்கிறது, பெயர் வேண்டாமே. 2006 முதல் எடுத்த படங்களெல்லாம் இப்போது என் கைக்கு வந்திருக்கின்றன. பொங்கல், தமிழ்மொழி விழா, நவராத்திரி, சமூக மன்றத்தில் நடந்த பேச்சுப்போட்டிகள், இப்போது நம்மோடு இல்லாத மூத்த உறுப்பினர்கள் என்று மொத்தம் 1.6 டெராபைட். முந்தைய செயலாளர் இரண்டு போர்ட்டபிள் ஹார்ட்டிஸ்க்குகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார், ஒன்று பழைய மேக்கில் ஃபார்மேட் செய்தது, இன்னொன்று விண்டோஸ். செயற்குழு காசு ஒதுக்கியதால் இரண்டு டிஸ்க் போடுகிற நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) ஒன்றை வாங்கி, அதில் என்க்ரிப்ட் செய்த ஷேர் ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். மேக் டிஸ்க்கைப் பழைய மேக்புக்கிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாக, மற்றதை விண்டோஸிலிருந்து சாதாரணமாக இழுத்துப்போட்டு.

மூன்று தொல்லைகள். மேக் டிஸ்க் நடுநடுவே டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றுவிடுகிறது, இன்னும் பாதிகூட ஏறவில்லை. சில படங்கள் பெயர் நீளமாக இருக்கிறது என்று ஏறவே மறுக்கின்றன, ஆங்கிலத்தில் பெயர் வைத்தவை எல்லாம் ஏறுகின்றன, தமிழ்ப் பெயர்கள்தான் அடம்பிடிக்கின்றன. மூன்றாவதுதான் விசித்திரம்: பொங்கல், கோலம், பேச்சுப்போட்டி என்ற ஃபோல்டர்கள் ஒரே இடத்தில் இரண்டிரண்டாகத் தெரிகின்றன, எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். தீபாவளியும் நவராத்திரியும் ஒன்றுதான் இருக்கின்றன. பெட்டியில் கோளாறா?

கட்டளைவரி:
மற்ற இரண்டையும் தள்ளி வையுங்கள். அந்த மேக் டிஸ்க்கை உடனே நிறுத்துங்கள். சத்தம் போடும் டிஸ்க்கில் ஃபோல்டர் ஃபோல்டராகக் காப்பி செய்வது இருப்பதிலேயே மோசமான வழி, ஏனென்றால் படிக்க முடியாத ஒரே இடத்தில் அது முட்டி மோதிக்கொண்டே இருக்கும், நன்றாக இருக்கும் பகுதிகளைப் படிப்பதற்குள் ஹெட் (தட்டைப் படிக்கும் முனை) போய்விடும். விண்டோஸோ மேக்கோ டிஸ்க்கை ரிப்பேர் செய்யட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ரிப்பேர் என்றால் அது டிஸ்க்கில் எழுதும்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இலவசம், அதில் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்து 'கரண்ட் பெண்டிங் செக்டர்' (படிக்கத் திணறும் துண்டுகள்) வரிசையில் என்ன எண் இருக்கிறதென்று சொல்லுங்கள்.

ஈசூன்வாசி:
38 என்று இருக்கிறது. சத்தம் எப்போதும் இல்லை, சில ஃபோல்டர்களைத் திறக்கும்போது மட்டும்தான்.

தேக்கா_ஃபிக்ஸ்:
ஜிப்லாக் பையில் போட்டு ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள் லா. பழைய டிஸ்க்குக்கு அது வேலை செய்யும் என்று கேள்வி.

கட்டளைவரி:
தேக்கா தம்பி, வேண்டவே வேண்டாம். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாகவே 80 சதவீதத்துக்கு மேல். ஃப்ரீசரிலிருந்து எடுத்த டிஸ்க்கில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டின் மேல் ஈரம் பட்டால் மீட்புக் கடைக்காரர்கூட கையை விரித்துவிடுவார்.

ஈசூன்வாசி, அந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும், அதனால் 38 என்றால் உண்மையில் 56 செக்டர். பரவாயில்லை, இன்னும் உயிர் இருக்கிறது. லினக்ஸ் யூஎஸ்பி ஒன்றில் பூட் செய்து ஜிஎன்யூ டிடிரெஸ்கியூவை ஓட்டுங்கள். அது முழு டிஸ்க்கையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுக்கும். முதல் சுற்றில் சுலபமாக வருவதையெல்லாம் வாரிக்கொண்டு கஷ்டமான இடங்களைத் தாண்டிப் போகும், எங்கே நின்றது என்பதை மேப் ஃபைலில் குறித்து வைத்துக்கொள்ளும், அதனால் நடுவில் நிறுத்தினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மேப் ஃபைல் இல்லாமல் ஓட்டாதீர்கள், பாதிப் பயன் போய்விடும். அப்புறம் டிஸ்க்கைத் தொடாமல் பிம்பத்திலிருந்து மட்டும் படங்களை எடுங்கள். கெட்டுப்போன செக்டர்கள் எந்தப் படங்களில் விழுந்தன என்று தெரிய வேண்டுமா, பிம்பத்துக்கு ஒரு நகல் எடுத்து, டிடிரெஸ்கியூவின் ஃபில் மோடில் அந்த இடங்களை ஏதாவது ஒரு அடையாளச் சொல்லால் நிரப்பிவிட்டு, அந்தச் சொல் எந்தக் கோப்புகளுக்குள் இருக்கிறதென்று தேடுங்கள்.

டிக் சத்தம் இடைவிடாமல் வர ஆரம்பித்தால் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்புக் கடைக்குப் போங்கள். சில நூறு வெள்ளியில் ஆரம்பித்து ஆயிரத்தைத் தாண்டலாம், முதலில் விலை கேளுங்கள். உறையைக் கழற்றி உள்ளே இருக்கும் டிஸ்க்கை நேராக இணைக்கலாம் என்று யாராவது சொன்னால் கவனம்: சில போர்ட்டபிள் மாடல்களில் அந்தச் சின்ன யூஎஸ்பி போர்டே தகவலை என்க்ரிப்ட் செய்கிறது, போர்டு இல்லாமல் டிஸ்க்கைப் படித்தால் குப்பைதான் வரும்.

எழுத்துப்பித்தன்:
இரட்டைப் பொங்கலுக்கு வருகிறேன், பெட்டியில் கோளாறே இல்லை. நீங்கள் சொன்ன மூன்று பெயர்களையும் பாருங்கள்: பொ, கோ, போ. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய் எல்லாவற்றுக்கும் யூனிகோடில் இரண்டு வடிவம் உண்டு. 'பொ' என்பதைப் பகரம், அதற்குப் பின் ஒற்றைக் குறியாக ஒகரக் கொம்புகால் என்றும் எழுதலாம், பகரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்று துண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். விண்டோஸில் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் முதல் வடிவம் வரும். பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறையோ எல்லாப் பெயரையும் பிரித்துப் பிரித்துத்தான் சேமிக்கும். ஆர்சிங்க் அதை அப்படியே லினக்ஸில் ஓடும் உங்கள் நாஸ் பெட்டிக்கு அனுப்புகிறது, லினக்ஸுக்கு 21 பைட் பொங்கலும் 24 பைட் பொங்கலும் வேறு வேறு. தீபாவளியிலும் நவராத்திரியிலும் அந்தக் குறிகளே இல்லை, அதனால் ஒன்றாகவே விழுந்துவிட்டன.

என்னைப் பயமுறுத்துவதும் இந்த ஒன்றாக விழுந்தவைதான். கேமராவில் 9999 வந்ததும் எண் மறுபடி 0001-இல் ஆரம்பிக்கும், இரண்டு டிஸ்க்கிலும் தீபாவளிக்குள் ஒரே பெயரில் வேறு வேறு படங்கள் இருந்திருந்தால் பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்திருக்கும். விண்டோஸ் 'மாற்றவா' என்று கேட்டபோது என்ன அழுத்தினீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இரட்டையாக நிற்கும் பொங்கலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூலம் இன்னும் கையில் இருக்கிறதே, அதனால் நாஸில் இருப்பதை நம்பாமல் புதிதாகத் தொடங்குங்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி ஃபோல்டர், ஒன்றின்மேல் ஒன்று ஏற்ற வேண்டாம். இரண்டும் முழுதாக ஏறிய பிறகு, ஷா-256 செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) எடுத்து எது உண்மையிலேயே ஒரே படம், எது பெயர் மட்டும் ஒன்று என்று பிரியுங்கள். பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர கன்வ்எம்வி என்ற கருவி போதும், முதலில் என்ன மாற்றப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும், நீங்கள் சரி என்றால்தான் மாற்றும்.

நீளமான பெயர் பிரச்சினையும் இதே குடும்பம்தான். யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ண வேண்டும். 'சிங்கப்பூர்' என்று எழுதினாலே 33 பைட். சாதாரண லினக்ஸ் ஃபோல்டரில் ஒரு பெயருக்கு 255 பைட் இடம் இருக்கிறது, ஆனால் பல நாஸ் பெட்டிகளின் என்க்ரிப்ட் ஷேர் ஃபோல்டர் இகிரிப்ட்எஃப்எஸ் முறையில் ஓடுகிறது, அதில் 143 பைட்தான். அதாவது தமிழில் 47 குறிகள். 'தமிழ்மொழி விழா தொடக்க நாள் மாலை அமர்வு பரிசளிப்பு' என்று ஆசையாகப் பெயர் வைத்து, பின்னால் பட எண்ணும் .jpg-உம் சேர்ந்தால் அவ்வளவுதான்.

ஈசூன்வாசி:
அடடா, 'பரிசளிப்பு' என்று முடிகிற படங்கள்தான் மொத்தமாக மறுத்தன! முந்தைய செயலாளர் ஒவ்வொரு படத்துக்கும் யார் யாருக்குப் பரிசு கொடுத்தார் என்றுகூடப் பெயரிலேயே எழுதியிருக்கிறார். அந்த விவரம் போகக்கூடாது. பெயரைச் சுருக்கவா, என்க்ரிப்ஷனை எடுத்துவிடவா?

எழுத்துப்பித்தன்:
பெட்டியில் முழு வால்யூமையும் (ஒரு ஃபோல்டரை மட்டுமல்ல, சேமிப்பிடம் முழுவதையும்) என்க்ரிப்ட் செய்யும் வசதி இருந்தால் அதற்கு மாறுங்கள், அதில் இந்த எல்லை கிடையாது. இருந்தாலும் பெயரைச் சுருக்குவது நல்லது என்பேன், நாளை கிளவுடுக்கு அனுப்பும்போது பெயரையும் சேர்த்து என்க்ரிப்ட் செய்யும் கருவிகள் அதை இன்னும் நீட்டிவிடும். பழைய பெயர்களின் முழுப் பட்டியலை முதலில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எடுத்து வையுங்கள். அப்புறம் எக்ஸிஃப்டூல் என்ற கருவியைக் கொண்டு அந்தப் பெயரைப் படத்துக்குள்ளேயே எக்ஸ்எம்பி விவரக்குறிப்பாக எழுதிவிட்டு, கோப்புக்குத் தேதியும் எண்ணும் மட்டும் பெயராக வையுங்கள். எழுதும் வேலையை நகலில் செய்யுங்கள், மூலத்தில் அல்ல. படத்துக்குள் எழுதினால் செக்சமும் மாறிவிடும், புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பழையகேமரா:
நான் ஃபிலிம் காலத்து ஆள், தம்பிக்கு ஒரு விஷயம். அந்த டிஸ்க்குகள் எங்கே இருந்தன என்று கேட்டீர்களா? நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் ஸ்டோர்ரூமாகப் பயன்படுத்தும் அந்த இரும்புக்கதவு அறையில் காற்றோட்டம் ரொம்பக் குறைவு, மழைக்காலத்தில் என் தோல்பெட்டி முழுக்கப் பூஞ்சணம். லென்ஸுக்கு வாங்கிய டிரை கேபினெட்டில்தான் இப்போது டிஸ்க்குகளையும் வைக்கிறேன், 45 சதவீதத்தில். கேபினெட் இல்லையென்றால் நன்றாக மூடும் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். எல்லாவற்றையும் எம்-டிஸ்க்கில் (நீண்ட காலம் நிற்கவென்றே செய்த பதிவுத் தகடு) எழுதி வைத்தால் பேரப்பிள்ளை காலம் வரை இருக்கும்.

கட்டளைவரி:
கேபினெட் விஷயம் முழுக்கச் சரி ஐயா. எம்-டிஸ்க்கில்தான் எனக்குத் தயக்கம். சாதாரண சிடிபோல் சாயம் இல்லை, தகடு நீடிக்கும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் படிக்கும் டிரைவ் இருக்க வேண்டாமா? சோனி 2025 பிப்ரவரியோடு ப்ளூ-ரே பதிவுத் தகடு தயாரிப்பையே நிறுத்திவிட்டது. 100 ஜிபி தகட்டில் 1.6 டெராபைட் ஏற்ற ஒரு கத்தையே எரிக்க வேண்டும். மிக முக்கியமான சில நூறு படங்களுக்கு மட்டும் செய்யலாம்.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வாங்கி அலமாரியில் வைக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் அதுவும் வேண்டாம். அதில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது, கரண்ட் இல்லாமல் கிடந்தால் மெதுவாகக் கசியும், சூடு கூடக் கூட வேகமாக. நன்றாகத் தேய்ந்த எஸ்எஸ்டி 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்பதுதான் சிப்களுக்கான தரநிலை அமைப்பான ஜெடெக்கின் தரநிலையே. நம் அறை வெப்பநிலை என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. புதியது அதைவிட நன்றாகத் தாங்கும், என்றாலும் சும்மா கிடக்க ஹார்ட்டிஸ்க்தான் மலிவு.

ஈசூன்வாசி, நாஸில் இரண்டு டிஸ்க் இருப்பதால் இரண்டு நகல் என்று எண்ண வேண்டாம். ஒன்றில் எழுதுவதே மற்றதிலும் எழுதப்படுகிறது (மிரர்), அதனால் ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும், யாராவது தவறி அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் இணையத்துக்குத் திறந்து வைத்த கியூநேப் நாஸ் பெட்டிகளைப் பூட்டிப் பணம் கேட்டது, அப்போது மிரர் செய்திருந்ததால் என்ன லாபம்? வெளியிலிருந்து பார்க்கும் வசதிக்காக ரௌட்டரில் போர்ட் எதையும் திறக்காதீர்கள். பீட்டர் குரோ என்ற புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய 3-2-1 கணக்கு இன்னும் நல்லதுதான்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். உங்களுக்கு நாஸ் ஒன்று, வேறு தயாரிப்பில் ஒரு யூஎஸ்பி ஹார்ட்டிஸ்க் தெம்பனிஸிலோ உட்லண்ட்ஸிலோ இன்னொரு உறுப்பினர் வீட்டில், மூன்றாவது கிளவுட்.

கிளவுடுக்கு ஏற்றுவது நம் ஊரில் பெரிய காரியமில்லை, 500 எம்பிபிஎஸ் அப்லோட் இருந்தால் கணக்குப்படி ஏழு மணி நேரம், நிஜத்தில் அதைவிடக் கூடுதலாகப் பிடிக்கும். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் மாதிரி ஆழ்சேமிப்பு மாத வாடகையில் மலிவு, ஆனால் திரும்ப எடுக்க 12 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும், எடுப்பதற்குத் தனிக் கட்டணம், 180 நாளுக்கு முன் அழித்தாலும் அதுவரைக்கும் காசு உண்டு. வீடு எரிந்தால் மட்டும் தொடும் நகலுக்கு அது போதும்.

தேக்கா_ஃபிக்ஸ்:
கூகுள் ஃபோட்டோஸ் போதாதா?

கட்டளைவரி:
பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் நன்றாக இருக்கும். இலவச வரம்பற்ற சேமிப்பு 2021 ஜூன் 1-உடன் முடிந்தது, இப்போது ஜிமெயிலோடு சேர்த்து 15 ஜிபி. இரண்டு வருடம் தொடாத கணக்கை அழிக்கலாம் என்று விதியும் இருக்கிறது. அமைப்புகளில் இதுதான் நடக்கும், செயலாளர் மாறுவார், கணக்கு அவருடைய சொந்த ஈமெயிலில் இருக்கும், அவர் அதை மறந்தே போயிருப்பார். எந்தக் கிளவுட் ஆனாலும் அமைப்பின் பெயரில் கணக்கு, பாஸ்வேர்டும் என்க்ரிப்ஷன் சாவியும் காகிதத்தில், இரண்டு பேரிடம்.

ஈசூன்வாசி:
நிலவரம் சொல்கிறேன். மேக் டிஸ்க்கின் பிம்பம் வந்துவிட்டது, டிடிரெஸ்கியூ கடைசியில் சில கிலோபைட் மட்டும் படிக்க முடியவில்லை என்றது. அடையாளச் சொல் வழியில் தேடியதில் இரண்டு படங்கள் பாதி சாம்பல் நிறமாக இருக்கின்றன, அதில் ஒன்று விண்டோஸ் டிஸ்க்கில் முழுசாக இருந்தது. எழுத்துப்பித்தன் அண்ணன் பயந்தது சரிதான், தீபாவளிக்குள் ஒரே பெயரில் வேறு படங்கள் நிறையவே இருந்தன, தனித்தனியாக ஏற்றியதும் எல்லாம் கிடைத்துவிட்டன. பெயர் சுருக்கும் வேலை நடக்கிறது. யூஎஸ்பி டிஸ்க் வாங்கிவிட்டேன். அதை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யவா? அப்புறம், வேறொரு வீட்டில் இருக்கும் டிஸ்க்கை எப்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பது?

கட்டளைவரி:
இரண்டு பக்கமும் திறக்க வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் சரி, எழுதும்போது பிடுங்காதீர்கள், அதில் ஜர்னல் (எழுதுவது பாதியில் நின்றால் சரிசெய்ய உதவும் குறிப்பேடு) கிடையாது. செக்சம் பட்டியலையும் அதே டிஸ்க்கில் ஒரு பிரதி போடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, பொங்கல் படங்களைச் சேர்க்க எப்படியும் டிஸ்க் வரும், அன்றைக்கே முழுப் பட்டியலையும் சரிபாருங்கள். ஐந்தாறு வருடத்தில் புது டிஸ்க்குக்கு மாற்றச் செயற்குழுக் கணக்கில் இப்போதே ஒரு வரி எழுதி வையுங்கள். சத்தம் போட்ட டிஸ்க்கை அழிக்காமல் லேபிள் ஒட்டித் தனியாக வையுங்கள், அந்த இன்னொரு பாதிப் படத்தை யாராவது பிறகு கேட்கலாம்.