கலர் சார்ட்டர் கேமரா: துடிப்புக்குத் தனிக் கம்பி வேண்டுமா, தரவிலிருந்தே மீட்கலாமா?

மன்னைவாசி:
மன்னார்குடிக்கு அருகே ஒரு நவீன அரிசி ஆலையில் ஓடும் கலர் சார்ட்டருக்கு (நிறம் பார்த்துக் கெட்ட மணிகளைக் காற்றால் ஊதித் தள்ளும் இயந்திரம்) மாற்றுக் கேமரா பலகை ஒன்றை வடிவமைத்து வருகிறேன். பழைய இணைப்பு, தொழிற்சாலைக் கேமராக்களுக்கான கேமரா லிங்க் முறையிலானது. நான்கு இணைக் கம்பிகளில் தரவும் ஐந்தாவதில், பிட்டுகளை எப்போது படிப்பது என்று பெறும் பக்கத்துக்குக் காட்டும் 85 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத் துடிப்பும் செல்கின்றன; ஒரு துடிப்புக்கு இணை ஒன்றில் ஏழு பிட்டுகள், அதாவது நொடிக்கு 595 மெகாபிட். உமித் தூசிக்குப் பயந்து கட்டுப்பாட்டுப் பெட்டியை அடுத்த அறைக்கு மாற்றியதில் கேபிள் 12 மீட்டராக நீண்டுவிட்டது. அன்றிலிருந்து படத்தில் கோடுகள் விழுகின்றன. நல்ல மணிகளும் கறுப்பு மணிகளோடு சேர்ந்து வெளியே ஊதப்படுகின்றன. துடிப்புக் கம்பியை வைத்துக்கொண்டு தரமான கேபிள் வாங்குவதா, அல்லது தனித் துடிப்பே இல்லாமல், அதைத் தரவிலிருந்தே மீட்டுக்கொள்ளும்படி ஒரே கோஆக்ஸ் கம்பியில் (டி.வி. கேபிள் போன்றது) 3.125 கிகாபிட் வேகத்துக்கு மாறுவதா?

குடந்தையான்:
கேபிளை மாற்றுங்கள், துடிப்பைக் கைவிடாதீர்கள். அனுப்பும் பக்கத்துக் கடிகாரத்தில் ஜிட்டர், அதாவது துடிப்பு நேரத்தில் சிறு ஆட்டம், இருந்தால் அது தரவிலும் துடிப்பிலும் ஒரே அளவில் ஏறும். இரண்டும் சேர்ந்தே ஆடுவதால் பெறும் பக்கத்தில் அந்த ஆட்டத்தின் பெரும்பகுதி அடிபட்டுப் போகும். தரவிலிருந்து துடிப்பை மீட்கும் சுற்றுக்கு இந்த வசதி கிடையாது, அதன் பி.எல்.எல். (வரும் குறிப்போடு தன் துடிப்பை ஒட்டவைக்கும் பகுதி) தன் பட்டை அகலத்துக்குள் அடங்கும் மெதுவான ஆட்டத்தை மட்டுமே பின்தொடரும். மேலும் பக்கத்து அறையில் தானியம் ஏற்றும் எலிவேட்டர் மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு முறையும் இணைப்பு அறுந்து மறுபடி பூட்டிக்கொள்ளும் வரை அரிசி காத்திருக்காது.

ஐயாற்றான்:
குடந்தை நண்பர் சொல்லும் நன்மை உண்மை. ஆனால் இரண்டு கம்பிகளிலும் தாமதம் ஒன்றாக இருக்கும்போதுதான் அது கைகூடும். 595 மெகாபிட் வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுள் ஏறக்குறைய 1.68 நானோ நொடி. கேபிளுக்குள் குறிப்பு ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 5 நானோ நொடி ஆகும். முறுக்கு வித்தியாசத்தால் ஓர் இணை மற்றொன்றைவிடப் பத்து சென்டிமீட்டர் நீண்டிருந்தால் அரை நானோ நொடி போயிற்று. பிட்டின் மூன்றிலொரு பங்கு அங்கேயே கரைந்துவிடுகிறது. கேபிள் நீள நீள இந்த வித்தியாசமும் வளரும்.

எங்கள் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையின்போது நூற்றுக்கணக்கானவர்கள் கூடிப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். பந்தலின் கடைசியில் உட்கார்ந்திருப்பவர் தூரத்து மேடையில் தாளம் போடும் கையைப் பார்த்துப் பாடினால், காதில் விழும் பாட்டோடு அது ஒட்டாது. கேட்கும் பாட்டிலிருந்தே தாளத்தை எடுத்துக்கொண்டால் ஒட்டும். உவமை ஓரளவுக்கு மேல் ஓடாது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

குடந்தையான்:
பாட்டு நிற்காமல் ஓடும்போது சரி. நீண்ட கார்வை வந்தால் என்ன செய்வார் அவர்? சார்ட்டர் கேமராவின் பின்னணித் தகடு கறுப்பு. மணி விழாத நேரத்தில் வரி முழுவதும் பூஜ்யம். மாற்றமே இல்லாத கம்பியிலிருந்து எதைப் பார்த்துத் துடிப்பை மீட்பீர்கள்? இரு பக்கக் கடிகாரப் படிகங்களும் பத்து லட்சத்துக்கு 100 வீதம் எதிரெதிராக விலகியிருந்தால் 5000 பிட்டுக்கு ஒரு முழு பிட் நழுவும், 3.125 கிகாபிட் வேகத்தில் அது வெறும் 1.6 மைக்ரோ நொடி.

ஐயாற்றான்:
கேள்வி நியாயமானது, விடை 1983-லேயே வந்துவிட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தின் விட்மரும் ஃபிரானாசெக்கும் அந்த ஆண்டு வெளியிட்ட குறியீட்டில் எட்டு பிட்டுகள் பத்தாக மாற்றி அனுப்பப்படுகின்றன. உள்ளே வருவது பூஜ்யமாகவே இருந்தாலும், கம்பியில் ஒரே மதிப்பு தொடர்ந்து ஐந்து பிட்டுக்கு மேல் நிற்காது. நீங்கள் சொன்ன விலகலையே எடுத்துக்கொண்டால், ஐந்து பிட்டுக்குள் நழுவுவது ஒரு பிட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கான விலை கால் பங்கு கூடுதல் வேகம்: ஒரு துடிப்புக்குப் படத்துக்குரிய 24 பிட் பெருக்கல் 85 மெகாஹெர்ட்ஸ் என்றால் 2.04 கிகாபிட், குறியீட்டுக்குப் பின் 2.55. மன்னை நண்பரின் 3.125-க்குள் அது தாராளமாக அடங்குகிறது. மீதி இடத்தில் வெற்றுச் சொற்களைச் செருகலாம். பெறும் பக்கத்தில் இரு கடிகாரங்களுக்கு இடையே வைக்கும் எலாஸ்டிக் பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பு, நிரம்பும் நிலை வரும்போது அவற்றைக் கழித்துவிடும்.

தஞ்சை மாணவி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும் ஐயா. துடிப்பு என்று ஒரே சொல்லால் இரண்டைக் குறிக்கிறோமோ என்று தோன்றுகிறது. டி.வி., மானிட்டர் இணைப்பான எச்.டி.எம்.ஐ. 2.0-வில் தனித் துடிப்புக் கம்பி உண்டு. ஆனால் இணைக்கு 3.4 கிகாபிட் தாண்டியதும் அதில் ஓடுவது பிட் வேகத்தில் நாற்பதில் ஒரு பங்கு மட்டுமே. அது தருவது அதிர்வெண்ணை. எந்தக் கணத்தில் பிட்டைப் பறிப்பது என்ற கட்டத்தை ஒவ்வொரு தரவு இணையிலும் பெறும் பக்கம் தானே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படியானால் கம்பி இருந்தும் பாதி மீட்பு வேலை மிஞ்சுகிறதல்லவா? இன்னொரு ஐயம்: எலாஸ்டிக் பஃபரால் தாமதம் கூடிக் குறையுமே, காற்று ஊதும் நேரம் தவறாதா?

ஐயாற்றான்:
முதலாவதை நான் சொல்லியிருக்க வேண்டும், தவறவிட்டேன். இரண்டாவதற்கு: தாமதம் ஆடுவது சில பத்து நானோ நொடிகள். சரிவிலிருந்து மணி நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் விழுகிறது. ஒரு முழு மைக்ரோ நொடி பிழைத்தாலும் அது நகர்வது சில மைக்ரோமீட்டர்தான். ஊதுகுழலின் வால்வு திறக்கவே அதைவிடப் பல நூறு மடங்கு நேரம் பிடிக்கும்.

மன்னைவாசி:
நேற்று ஆலைக்கு, குறிப்பின் அலைவடிவத்தைக் காட்டும் ஆசிலாஸ்கோப்பை எடுத்துச் சென்றேன். மூன்றாவது தரவு இணை துடிப்பைவிடச் சுமார் 600 பிக்கோ நொடி பிந்தி வருகிறது. மற்ற மூன்றும் நன்றாகவே இருக்கின்றன. மோட்டார் கிளம்பியபோது துடிப்பு இணையிலும் கூர்முனைகள் தெரிந்தன. அந்த ஒரு கம்பி தடுமாறினால் நான்கு இணைகளும் சேர்ந்தே கெடுகின்றன.

குடந்தையான்:
600 என்றால் வாதாட எனக்கு இடமில்லை, கோஆக்ஸுக்கு மாறுங்கள். இருந்தாலும் கேபிள் உறையின் தரையிணைப்பைச் சரிசெய்யாமல் மாறினால் மோட்டார் இரைச்சல் அங்கேயும் வரும், அதை முதலில் பாருங்கள். கேமரா பலகைக்குள் உணரியிலிருந்து எஃப்.பி.ஜி.ஏ. (தரவைக் கையாளும் நிரல்படுத்தக்கூடிய சில்லு) வரையுள்ள நாலு சென்டிமீட்டர் தடத்தில் மட்டும் துடிப்பைத் தனியாகவே ஓட்டுங்கள். அங்கே தடங்களின் நீளம் உங்கள் கையில் இருக்கிறது.