எச்சில் சோதனையும் எங்கள் குடும்பக் குழுவும்

அண்ணன்: எச்சிலை அனுப்பினால் மரபணுவைப் பார்த்து நமக்கென்றே டயட் எழுதித் தருகிறார்களாம். ஆர்டர் போடட்டுமா?

மாமா: துப்புவதற்கும் காசா!

சித்தி: ஒரு தம்ளர் பால் குடித்தால் எனக்கு வயிறு உப்பிக்கொள்கிறது. அக்கா இரண்டு வேளை குடிக்கிறாள். அது தெரியுமா அதில்?

நான்: தெரியும் சித்தி. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். வளர வளரப் பலருக்கு அது குறைந்துவிடும். உலகில் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பேர் உங்கள் கட்சிதான். அம்மாவுக்கு அது நிற்காமல் சுரக்கிறது போல.

சித்தி: ஒரே வயிற்றில் பிறந்தோம், எனக்கு மட்டும் ஏன் இல்லை?

நான்: தாத்தா பாட்டியில் ஒருவரிடம், அதை நிற்காமல் சுரக்க வைக்கும் மரபணு மாற்றம் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இருந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பூவா தலையாதான். தயிர் சாப்பிட்டுப் பாருங்கள். அதிலுள்ள பாக்டீரியா லாக்டோஸில் கொஞ்சத்தைத் தின்றிருக்கும்.

அம்மா: பூ எனக்கு 😄

மாமா: என் காபிக்கு வா. சாயங்காலம் குடித்தால் விடிய விடியக் கொட்டக் கொட்ட முழிக்கிறேன். உன் அண்ணன் இரவு பத்து மணிக்குக் குடித்துவிட்டுக் குறட்டை விடுகிறான்.

நான்: அதிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு மாமா. காஃபீனை உடைக்கும் சிஒய்பி1ஏ2 என்ற கல்லீரல் நொதி சிலருக்கு வேகம், சிலருக்கு மந்தம். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம் உடையும். நான் யாரையும் சொல்லவில்லை.

அண்ணன்: அதை விடு. கிட் வாங்கலாமா, வேண்டாமா?

நான்: எடை குறைக்கவா? வேண்டாம் அண்ணா. பால் விஷயம் கிட்டத்தட்ட ஒரே ஒரு மரபணுவோடு முடிகிறது. எடையில் நூற்றுக்கணக்கானவை ஆளுக்குக் கொஞ்சம் கை வைக்கின்றன. 2007-இல் பெரிதாகப் பேசப்பட்ட எஃப்டிஓ மரபணுவில் எடை கூட்டும் மாற்றம் இரண்டு பிரதியிலும் இருந்தால்கூடச் சராசரியாக 3 கிலோதான் கூடுதல். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஒரு வருடம் இரண்டு டயட்டில் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றில் கொழுப்பு குறைவு, இன்னொன்றில் மாவுச்சத்து குறைவு. யாருக்கு எது சரிப்படும் என்று மரபணுவை வைத்துப் போட்ட கணக்கு பலிக்கவில்லை. 2018-இல் முடிவு வந்தது.

மாமா: எல்லோருக்கும் ஒரே மாதிரி இறங்கியதா?

நான்: எங்கே! ஒரே டயட்டில் சிலர் 20 கிலோவுக்கு மேல் இறங்கினார்கள், சிலர் ஏறவே செய்தார்கள். ஒரே மரபணு கொண்ட இரட்டையர்களுக்கே ஒரே சாப்பாட்டில் சர்க்கரை வேறு வேறு அளவில் ஏறுகிறது. தூக்கம், சாப்பிடும் நேரம், குடல் பாக்டீரியா எல்லாம் நடுவில் புகுந்துவிடும்.

அண்ணன்: சரி, ஆர்டர் கேன்சல்.

அம்மா: அதெல்லாம் இருக்கட்டும். மேலே சிகரெட் என்று என்னவோ வந்ததே?

அண்ணன்: அது மாமாவைச் சொன்னாள் அம்மா.

மாமா: நான்தான் விடிய விடிய முழித்துக் கிடக்கிறேனே அக்கா. குறட்டை விடுகிறவனைக் கேள்.