ஜெர்மனியில் நிற்கும் ‘என்’ பதிவு எஸ்ஆர்22: ஜெர்மன் பிபிஎல் வைத்து பிரான்ஸ் போகலாமா?

கேள்வி:
விமானம் சிர்ரஸ் எஸ்ஆர்22, எகெல்ஸ்பாக்கில் நிற்கிறது. அமெரிக்கப் பதிவு (பதிவு எண் ‘என்’ எழுத்தில் தொடங்கும்), டிரஸ்ட் பேரில். நான் ஜெர்மனியில் குடியிருக்கிறேன். ஜெர்மனி கொடுத்த பார்ட்-எஃப்சிஎல் (ஐரோப்பிய விமானி லைசென்ஸ் விதி) பிபிஎல், அதாவது தனியார் விமானி லைசென்ஸ், இருக்கிறது; இரண்டாம் வகுப்பு மெடிக்கல் சான்றும் இருக்கிறது. மூன்று வாரத்தில் பிரான்ஸின் கோல்மார் போகணும். ஜெர்மனிக்குள் மட்டும்தான் ஓட்டலாம் என்று கிளப்பில் சொல்கிறார்கள். ஐரோப்பா முழுக்கச் செல்லும் லைசென்ஸ்தானே இது?

பதில் 1:
ஐரோப்பிய விதிப்படி செல்லும். தடுப்பது அமெரிக்க விதி. அமெரிக்க விமானி விதி 61.3-இன்படி ‘என்’ விமானம் ஓட்ட அமெரிக்கச் சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டில் ஓட்டும்போது அந்தந்த நாடு கொடுத்த லைசென்ஸும் போதும். உங்களுக்குக் கொடுத்தது ஜெர்மனி, ஈயாசா (ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு) அல்ல. ஆகவே அது ஜெர்மனிக்குள் மட்டுமே போதும். அமெரிக்க விமானத்துறையான எஃப்.ஏ.ஏ. இதை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. கிளப்பில் சொன்னது சரி.

வழி 61.75 சான்றிதழ், அதாவது வெளிநாட்டு லைசென்ஸை வைத்துக் கொடுக்கும் அமெரிக்கச் சான்றிதழ். முதலில் 8060-71 படிவத்தில் லைசென்ஸ் சரிபார்ப்பு கேளுங்கள். 45 முதல் 90 நாள் பிடிக்கும், ஆகவே மூன்று வாரக் கணக்கை விட்டுவிடுங்கள். சரிபார்ப்புக் கடிதம் 6 மாதம்தான் செல்லும். அதற்குள் எஃப்.ஏ.ஏ.-வின் ஐஏசிஆர்ஏ இணையதளத்தில் விண்ணப்பம் போட்டு, எஃப்.எஸ்.டி.ஓ. என்னும் அதன் வட்டார அலுவலகத்திலோ அதிகாரம் பெற்ற தேர்வாளரிடமோ நேரில் போகணும். அமெரிக்காவில் முகவரி இல்லாதவர்கள் 2025 முதல் அங்கே ஒரு ஏஜென்ட்டையும் நியமித்தாக வேண்டும். இதை மறந்தால் விண்ணப்பமே நகராது.

பதில் 2:
சான்றிதழ் வந்ததும் பறந்துவிடாதீர்கள். 61.56 ஃப்ளைட் ரிவ்யூ (விமானித் திறன் மறுபரிசீலனை) வேண்டும்: குறைந்தது 1 மணி நேரம் தரையில், 1 மணி நேரம் வானில், அமெரிக்கச் சான்றிதழ் உள்ள இன்ஸ்ட்ரக்டரோடு. ஈயாசா இன்ஸ்ட்ரக்டரோடு பறந்த மணி இதற்குச் சேராது. எஸ்ஆர்22-இல் 310 குதிரைத்திறன். 200-க்கு மேல் என்பதால் ஹை பெர்ஃபாமன்ஸ் எண்டார்ஸ்மென்ட்டும் (சக்தி மிக்க விமானம் ஓட்ட இன்ஸ்ட்ரக்டர் எழுதித் தரும் ஒப்புதல்) லாக்புக்கில் இருக்கணும். காம்ப்ளெக்ஸ் எண்டார்ஸ்மென்ட் வேண்டாம், சக்கரம் மடங்காதே. ரிவ்யூவையும் ஹை பெர்ஃபாமன்ஸையும் ஒரே இன்ஸ்ட்ரக்டரிடம் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

பலரும் கோட்டை விடுவது லைசென்ஸ் எண்ணில்தான். 61.75 சான்றிதழ் அட்டையில் உங்கள் ஜெர்மன் லைசென்ஸ் எண் அச்சாகியிருக்கும். அந்த லைசென்ஸும் கூடவே இருந்தால்தான் அட்டைக்கு மதிப்பு. பின்னால் ஐஆர் (கருவிகளைப் பார்த்துப் பறக்கும் தகுதி) சேர்க்கிறீர்கள், கோப்பு மாநில அலுவலகத்திலிருந்து ஜெர்மன் மத்திய விமானத்துறையான எல்பிஏ-வுக்கு மாறுகிறது, எண்ணும் மாறுகிறது என்று வையுங்கள்: அட்டை அன்றே செல்லாது, சரிபார்ப்பு முதலிலிருந்து. ஐஆர் எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டு விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இதே விமானத்தில் பங்குள்ள நண்பர் ஒருவரிடம் அமெரிக்க பிபிஎல், ஐஆர் மட்டும் உண்டு. அவரும் இங்கேதான் குடியிருக்கிறார். விமானம் டிரஸ்ட் பேரில் இருப்பதால் தப்பிக்கலாம் என்கிறார்.

பதில் 1:
முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/1139 விதி பார்ப்பது விமானத்தை இயக்குபவர் எங்கே குடியிருக்கிறார் என்பதை. காகிதத்தில் உடைமையாளர் யார் என்பதை அல்ல. பறக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் உங்கள் நண்பர்தானே. இப்படிப்பட்டவர்கள் ஐரோப்பிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டலாம் என்று பலமுறை நீட்டித்த விலக்கு 2022 ஜூன் 20-ஓடு முடிந்தது. அவருக்குப் பார்ட்-எஃப்சிஎல் லைசென்ஸும் வேண்டும், ஐரோப்பிய மெடிக்கலும் வேண்டும். அமெரிக்காவின் பேசிக்மெட் (எளிய மருத்துவத் தகுதி முறை) இங்கே உதவாது.

பிபிஎல்-க்கு டிஐபி-எல் என்னும் அமெரிக்க-ஐரோப்பிய லைசென்ஸ் ஒப்பந்த வழி 2021 மே 18 முதல் இருக்கிறது, பழைய மாற்று முறையைவிடச் சுலபம். ஐஆர்-க்கு, ஐஎஃப்ஆரில் (கருவிப் பறப்பு விதிப்படி) பொறுப்பு விமானியாக 50 மணி நேரம் இருந்தால் பயிற்சி மணி கட்டாயமில்லை. ஸ்கில் டெஸ்ட் (பறந்து காட்டும் தேர்வு) உண்டு, வான்சட்டம், வானிலை, பயணத் திட்டம் ஆகியவற்றில் தேர்வாளர் வாய்மொழியாகக் கேட்பார். மணிக்கணக்கை லாக்புக்கில் தனிப் பத்தியாகக் காட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இழுத்தடிப்பார்கள்.

கேள்வி கேட்டவர்:
கோல்மாரில் இறங்காமல், பிரான்ஸ் வான்வெளியில் ஒரு சுற்று மட்டும் போய் வந்தால்?

பதில் 2:
இறங்குவது கணக்கில்லை. எல்லையான ரைன் நதிக்கு மேற்கே நுழைந்தாலே பிரான்ஸில் ஓட்டியதாகத்தான் ஆகும். 61.75 அட்டை வரும்வரை ஜெர்மனியின் லார், ஃப்ரைபுர்க் பக்கம் கிழக்குக் கரையிலேயே நில்லுங்கள்.